மியூனிக்கில் வேலை: முதலில் எங்கே தங்குவது, எப்படிப் போய்வருவது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கோயம்புத்தூரில் இருக்கும் ஒரு மென்பொருள் பொறியாளருக்கு ஜெர்மனியின் மியூனிக்கில் வேலை கிடைத்திருக்கிறது. அலுவலகம் நகரத்துக்கு வடக்கே கார்ஹிங்கில். செப்டம்பரில் சேர வேண்டும். மனைவியும் நான்கு வயது மகளும் சில மாதங்கள் கழித்து வருவார்கள். கம்பெனி விசாவுக்கும் விமானச் சீட்டுக்கும் உதவுகிறது, வீட்டுக்கு இல்லை. "ஊரிலிருந்தே வீடு பிடித்துவிட்டுப் போகலாமா? எந்த ஏரியா பார்க்கலாம்? கார் இல்லாமல் குடும்பத்தோடு சமாளிக்க முடியுமா?" என்று கேட்டிருக்கிறார்.

ஊரிலிருந்தே நிரந்தர வீடு பிடிக்கப் பார்க்காதீர்கள். முதல் சில மாதங்களுக்குச் சாமான்களோடு கூடிய ஒரு தற்காலிக இடம் மட்டும் பிடித்துக்கொண்டு கிளம்புங்கள். ஆனால் அந்த இடத்தில் முகவரிப் பதிவு செய்ய முடிய வேண்டும், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஏரியாவை வரைபடத்தில் தூரம் பார்த்துத் தேடாமல், உங்கள் அலுவலகத்துக்குப் போகும் ரயில் தடத்தைப் பார்த்துத் தேடுங்கள். கார் முதல் வருடம் தேவைப்படாது. இனி ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்கிறேன்.

முகவரிப் பதிவை இங்கே அன்மெல்டுங் என்பார்கள். ஒரு வீட்டில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் அந்த ஊர் அலுவலகத்தில் போய்ப் பதிய வேண்டும் என்பது சட்டம். பாஸ்போர்ட்டோடு, வீட்டைக் கொடுத்தவர் கையெழுத்திட்ட ஓர் உறுதிக் கடிதமும் கேட்பார்கள். 2015 நவம்பரிலிருந்து அந்தக் கடிதம் கட்டாயம். வாடகை ஒப்பந்தம் அதற்கு ஈடாகாது. இந்தப் பதிவு நடந்த பிறகுதான் மற்றவை நகரும். வருமான வரி எண் அந்த முகவரிக்குத் தபாலில் வரும். அந்த எண் இல்லாமல் சம்பளம் போட்டால் வரிப் பிடித்தம் மிக அதிகமான வகுப்பில் போய்விட வாய்ப்புண்டு. அதிகம் பிடித்தது பின்னால் திரும்பி வரும், ஆனால் புதிதாக வந்தவருக்குக் கையில் பணம் தேவைப்படுவது அந்த முதல் மாதங்களில்தான். பல வங்கிகள் பதிவுச் சான்றிதழைக் கேட்கும். குடியிருப்பு அட்டைக்கும் அதே தாளைத்தான் கொண்டுபோக வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. தன் அறையை மறுவாடகைக்கு விடும் சிலர், "தங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அன்மெல்டுங் மட்டும் வேண்டாம்" என்பார்கள். பெரும்பாலும் அவர்கள் வீட்டுக்காரரிடம் அனுமதி வாங்கியிருக்க மாட்டார்கள். வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த இடம் உங்களுக்கு வேண்டாம். முதல் மின்னஞ்சலிலேயே "இந்த முகவரியில் பதிந்துகொள்ளலாமா, உறுதிக் கடிதம் தருவீர்களா?" என்று கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள்.

இன்னொன்று, நம் ஊர்ப் பழக்கத்தில் இருப்பவர்களுக்குத் தோன்றவே தோன்றாத விஷயம். ஜெர்மனியில் பெரும்பாலான அடுக்குமாடிகளில் வீட்டுக்கு எண் கிடையாது. தெருப் பெயர், கட்டட எண், அதோடு முகவரி முடிந்தது. தபால்காரர் பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார். உங்கள் பெயர் பெட்டியில் இல்லையென்றால் கடிதம் திரும்பிப் போய்விடும். வரி எண், வங்கி அட்டை, அதன் ரகசிய எண், மருத்துவக் காப்பீட்டு அட்டை எல்லாமே தபாலில் வருகிற நாடு இது. ஆகவே சாவி வாங்கிய அன்றே பெட்டியிலும் அழைப்பு மணியிலும் பெயரை ஒட்டுங்கள். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் ஒட்டிய பெயரும் ஒன்றாக இருக்கட்டும். தமிழ்நாட்டுப் பாஸ்போர்ட்டுகளில் அப்பா பெயர் குடும்பப் பெயர் இடத்தில் ஏறியிருக்கும், அலுவலகங்கள் அந்தப் பெயரில்தான் கடிதம் அனுப்பும். இரண்டு பெயரையும் சேர்த்து ஒட்டுவது உத்தமம். வேறொருவர் வீட்டில் ஓர் அறையில் இருந்தாலும் இதே கதைதான்.

சரி, தற்காலிக இடம் எப்படிப் பிடிப்பது? உங்களுக்கு நேரம் ஒத்துழைக்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். செப்டம்பர் நடுவில் அக்டோபர்ஃபெஸ்ட் என்ற பெரிய பீர்த் திருவிழா தொடங்கி அக்டோபர் முதல் ஞாயிறு வாக்கில் முடியும். அந்த நாட்களில் மியூனிக் ஓட்டல் கட்டணமும் குறுகியகால வாடகையும் எகிறிவிடும். அக்டோபரில் பல்கலைக்கழக வகுப்புகள் தொடங்குவதால் மாணவர்களும் அதே அறைகளுக்குப் போட்டி போடுவார்கள். எனவே ஜூன், ஜூலையிலேயே தற்காலிக இடத்தை உறுதி செய்துவிடுங்கள். வேலையில் சேரும் தேதியை ஆகஸ்டுக்குத் தள்ளவோ அக்டோபர் நடுவுக்குத் தள்ளவோ கம்பெனி ஒத்துக்கொண்டால் இன்னும் நல்லது. தயங்காமல் கேளுங்கள், இங்கே அது சாதாரணமான கோரிக்கை.

சாமான்களோடு கூடிய வீடுகளை மாதக்கணக்கில் விடுவதற்கென்றே மியூனிக்கில் நிறுவனங்கள் உண்டு. மிஸ்டர் லாட்ஜ் இங்கே பலருக்கும் தெரிந்த பெயர். வாடகை கூடுதல்தான், ஆனால் ஒப்பந்தம் ஒழுங்காக இருக்கும், பதிவுக்கும் கடிதம் கிடைக்கும். வேகே என்று சொல்லப்படும் பகிர்வு வீட்டில் ஓர் அறை எடுத்தால் செலவு குறையும். அதற்கு வேகே-கெஸூக்ட் தளம். குடும்பம் வர மாதங்கள் இருப்பதால் உங்களுக்கு அறையே போதும் என்பது என் எண்ணம். சேமிக்கிற பணம் பின்னால் நிரந்தர வீட்டு முன்பணத்துக்குக் கைகொடுக்கும்.

ஊரில் இருந்துகொண்டே நிரந்தர வீடு ஏன் பிடிக்க முடியாது என்றால், இங்கே வீட்டுக்காரர்கள் ஆளைப் பார்க்காமல் கொடுக்க மாட்டார்கள். பார்க்காமலேயே கொடுக்கத் தயாராக இருப்பவர் என்றால் அநேகமாக மோசடிக்காரர். அவர்கள் எழுதும் கதை எப்போதும் ஒன்றுதான். நல்ல ஏரியாவில் அழகான வீடு, சந்தை விலையில் பாதி வாடகை. வீட்டுக்காரர் வேலை விஷயமாக வெளிநாட்டில் இருக்கிறார், நேரில் காட்ட ஆளில்லை. முன்பணத்தை அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புவார், பிடிக்காவிட்டால் பணம் திரும்பிவிடும். சில சமயம் நடுவில் ஒரு பெரிய தங்கும் விடுதித் தளத்தின் பெயரையும் சேர்த்து, அதைப் போலவே இருக்கும் போலிப் பக்கத்தின் இணைப்பையும் அனுப்புவார்கள். வீட்டை நீங்களோ உங்களுக்குத் தெரிந்த ஒருவரோ உள்ளே போய்ப் பார்த்து, ஒப்பந்தத்தில் இருவரும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு யூரோகூட அனுப்பக் கூடாது. வீட்டைக் காட்டுவதற்குக் கட்டணம் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். பாஸ்போர்ட் நகல் அனுப்ப வேண்டி வந்தால் அதன்மேல் குறுக்கே "வீட்டு விண்ணப்பத்துக்கு மட்டும்" என்று தேதியோடு எழுதி அனுப்புங்கள். புதிதாக வருகிறவர்களிடம் பறிப்பதற்கென்றே இவர்கள் காத்திருக்கிறார்கள், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

தரகர் விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம். 2015 ஜூன் முதல், தரகரை யார் அமர்த்தினார்களோ அவர்தான் கட்டணம் கொடுக்க வேண்டும். வீட்டுக்காரர் அமர்த்திய தரகர் உங்களிடம் கமிஷன் கேட்டால் அது செல்லாது.

விளம்பரங்களைப் படிக்கும்போது குழப்பம் வரும் இரண்டு இடங்களைச் சொல்கிறேன். முதலாவது அறைக் கணக்கு. இங்கே "2 அறை வீடு" என்றால் ஒரு ஹாலும் ஒரு படுக்கையறையும்தான். சமையலறையும் குளியலறையும் கணக்கில் வராது. நம் ஊர் ஒரு படுக்கையறை வீட்டுக்குச் சமம். உங்கள் மூவருக்கும் இரண்டறை வீடு தொடக்கத்துக்குப் போதும், மூன்றறை கிடைத்தால் வசதி. இரண்டாவது வாடகைக் கணக்கு. கோல்ட் ரெண்ட் என்று நம்மவர்கள் சொல்வது வெறும் வீட்டுக்கானது. அதோடு தண்ணீர், குப்பை, கட்டடப் பராமரிப்பு, வழக்கமாகச் சூடேற்றும் செலவு ஆகியவற்றுக்கான முன்கட்டணம் சேர்ந்தால் வார்ம் ரெண்ட். மின்சாரமும் இணையமும் பொதுவாக இதற்கும் வெளியே. வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் மாதம் 18.36 யூரோ தனியாகக் கேட்டுக் கடிதம் வரும். டிவி இல்லை என்று சொல்லித் தப்ப முடியாது. அது உண்மையான கடிதம்தான், மோசடி என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

மியூனிக் ஜெர்மனியிலேயே வாடகை மிக அதிகமான பெருநகரம். புதிதாக விடும் வீடுகளுக்குச் சதுர மீட்டருக்கு 20 யூரோவும் அதற்கு மேலும் கேட்பது இங்கே வழக்கம். 55 சதுர மீட்டர் வீட்டுக்குக் கோல்ட் ரெண்டே ஆயிரத்து நூறுக்கு மேல் போகும் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கைக்கு வரும் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் வாடகை இருக்கிறதா என்று பல வீட்டுக்காரர்கள் பார்ப்பார்கள். மனைவி வேலைக்குச் சேரும்வரை உங்கள் ஒரு சம்பளத்தை வைத்துத்தான் அந்தக் கணக்குப் போடுவார்கள்.

அட்வான்ஸ் விஷயத்தில் கவலை வேண்டாம். கோல்ட் ரெண்டின் மூன்று மடங்குக்கு மேல் கேட்கச் சட்டத்தில் இடமில்லை. அதையும் மூன்று மாதத் தவணையாகக் கட்டும் உரிமை உங்களுக்கு உண்டு, முதல் தவணை குடியேறும்போது. வீட்டுக்காரர் அதைத் தன் பணத்தோடு கலக்காமல் தனிக் கணக்கில் வைத்திருக்க வேண்டும். சென்னையிலும் பெங்களூரிலும் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவர்களுக்கு இது ஆறுதலாக இருக்கும். ஆனால் வெற்று வீடு என்றால் இங்கே உண்மையிலேயே வெற்று வீடு. பல வீடுகளில் சமையல் மேடை, அடுப்பு, தொட்டி எதுவும் இருக்காது, சுவரில் குழாய் மட்டும் இருக்கும். கூரையில் விளக்குக்குப் பதில் மின்கம்பி தொங்கும். முந்தைய குடித்தனக்காரர் தன் சமையலறையை உங்களுக்கு விற்க முன்வருவார். விலை நியாயமாக இருந்தால் வாங்கிக்கொள்வது நல்லது. புதிதாகச் சமையலறை வாங்கி, ஆள் வைத்துப் பொருத்தி முடிக்க வாரக்கணக்கில் ஆகும், குழந்தையோடு அவ்வளவு நாள் வெளிச் சாப்பாட்டில் காலம் தள்ள முடியாது. விளம்பரத்தில் பொருத்திய சமையலறை உண்டா என்பதைப் பார்த்து விண்ணப்பம் போடுங்கள்.

விண்ணப்பிக்கும் முறைக்கு வருவோம். இம்மோபீலியன்ஸ்கவுட், இம்மோவெல்ட், க்ளைன்அன்சைகன், இவைதான் பொதுவான தளங்கள். விளம்பரம் வந்த சில மணி நேரத்தில் நூற்றுக்கணக்கில் செய்திகள் குவியும், அதனால் புது விளம்பரம் வந்ததும் தகவல் வரும்படி தளத்தில் அமைத்து வைத்துக்கொண்டு உடனே எழுத வேண்டும். ஜெர்மன் மொழியில் ஆறேழு வரி போதும். யார் நீங்கள், எங்கே வேலை, நிரந்தர ஒப்பந்தமா, எத்தனை பேர் குடியிருப்பீர்கள், எப்போதிலிருந்து வேண்டும், புகை பிடிப்பதில்லை, செல்லப்பிராணி இல்லை. இந்தக் கடிதத்தை ஜெர்மன் தெரிந்த சக ஊழியர் ஒருவரிடம் ஒருமுறை காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். கூடவே ஒரே கோப்பாகச் சேர்த்து வைக்க வேண்டியவை: பாஸ்போர்ட், விசா அல்லது குடியிருப்பு அட்டை, வேலை ஒப்பந்தம், கடைசி மூன்று சம்பளச் சீட்டு, ஷூஃபா அறிக்கை, பழைய வீட்டுக்காரரிடமிருந்து வாடகை பாக்கி இல்லை என்ற கடிதம்.

ஷூஃபா என்பது நம் ஊர் சிபில் போன்ற கடன் வரலாறு. புதிதாக வந்தவருக்கு அதில் ஒன்றும் இருக்காது, அது குற்றமில்லை. வங்கிக் கணக்கும் கைபேசி ஒப்பந்தமும் எடுத்துச் சில மாதங்கள் ஆனால் உங்கள் பெயர் அதில் ஏறிவிடும். தற்காலிக இடத்தில் முதலில் தங்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த மாதங்கள் முடியும்போது உங்கள் கையில் மூன்று சம்பளச் சீட்டு, ஷூஃபா அறிக்கை, தற்காலிக வீட்டுக்காரரின் நல்ல கடிதம் எல்லாம் இருக்கும். வந்த முதல் வாரத்தில் இவற்றில் ஒன்றும் இருந்திருக்காது. வேலையின் சோதனைக் காலம் ஆறு மாதம் முடியாததைச் சில வீட்டுக்காரர்கள் கேட்பார்கள், அதற்கு அலுவலக மனிதவளப் பிரிவிடம் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

தளங்களை மட்டும் நம்பியிருக்க வேண்டாம் என்றும் சொல்வேன். நல்ல வீடுகள் பல விளம்பரத்துக்கே வருவதில்லை. வெளியேறுகிறவர் தனக்குத் தெரிந்தவரை வீட்டுக்காரரிடம் அறிமுகப்படுத்துவார், வீட்டுக்காரருக்கும் வேலை மிச்சம். அலுவலக உள்பலகையில் எழுதிப் போடுங்கள். இங்குள்ள தமிழ்க் குடும்பங்களிடம் சொல்லி வையுங்கள். எண்பதுகளிலிருந்தே இந்த நாட்டில் வேர் விட்டிருக்கும் ஈழத் தமிழர்களுக்கு ஊர் நிலவரம் நம்மைவிட நன்றாகத் தெரியும், கேட்டால் மனமுவந்து சொல்வார்கள்.

இனி ஏரியா. மியூனிக்கின் எஸ்-பான் (புறநகர் ரயில்) தடங்கள் நகர நடுவில் ஒரே சுரங்கத்துக்குள் நுழைந்து மறுபக்கம் பிரிந்து போகின்றன. அந்த ஒரு சுரங்கத்தில் ஏதாவது கோளாறு என்றால் மொத்தப் புறநகரும் தடுமாறும். இரண்டாவது சுரங்கப் பணி 2017இல் தொடங்கியது, 2030களின் நடுவில்தான் அது பயன்பாட்டுக்கு வரும் என்ற நிலை. ஊ-பான் (மெட்ரோ ரயில்) வண்டிகள் இதிலிருந்து தனி. உங்கள் அதிர்ஷ்டம், கார்ஹிங் ஊ6, அதாவது ஊ-பானின் ஆறாம் எண் தடத்தில் இருக்கிறது. 2006இல் அந்தத் தடத்தை ஆராய்ச்சி வளாகம் வரை நீட்டினார்கள். நகர நடுவில் மரியன்பிளாட்ஸிலிருந்து வண்டி மாறாமல் அரை மணிக்குள் போய்விடலாம்.

வரைபடத்தை மட்டும் பார்த்தால் ஏமாற்றும் இடம் இதுதான். கார்ஹிங்குக்கு மேற்கே உன்டர்ஷ்லைஸ்ஹைம் என்ற ஊர் ஏழெட்டு கிலோமீட்டர்தான். வாடகையும் நகரத்தைவிடச் சற்றுக் குறைவு. ஆனால் அது எஸ்1 தடம். ரயிலிலேயே வருவதென்றால் எஸ்1 பிடித்து ஃபெல்ட்மோஹிங்கில் இறங்கி, ஊ2 ஏறி, ஷைட்பிளாட்ஸில் ஊ3க்கு மாறி, மியூன்ஷ்னர் ஃப்ரைஹைட்டில் ஊ6 பிடித்து மறுபடி வடக்கே வர வேண்டும். தடங்கள் எல்லாம் நடுவிலிருந்து வெளியே போகின்றனவே தவிர, புறநகரையும் புறநகரையும் குறுக்கே இணைப்பதில்லை. குறுக்கே போவதற்குப் பேருந்தும் சைக்கிளும்தான். இதற்கு மாறாக, நகரின் தென்மேற்கில் ஹாடர்ன், வெஸ்ட்பார்க் பகுதிகள் அலுவலகத்திலிருந்து வெகு தூரம். ஆனால் ஊ6இல் உட்கார்ந்தால் புத்தகம் படித்துக்கொண்டே நேராகப் போய்விடலாம்.

ஆகவே உங்களுக்கு என் தேர்வு வரிசை: முதலில் கார்ஹிங் ஊருக்குள்ளேயே பாருங்கள். பல்கலைக்கழக வளாகம் இருப்பதால் போட்டி உண்டு, ஆனால் குழந்தையோடு வாழ அமைதியான இடம். அடுத்து ஃப்ரைமன், கீஃபர்ன்கார்டன், ஸ்டூடன்டன்ஷ்டட் நிலையங்களைச் சுற்றி. அதற்கடுத்து தெற்கே ஹாராஸிலிருந்து க்ரோஸ்ஹாடர்ன் வரை. ஷ்வாபிங் அழகான ஏரியா, ஆனால் நீங்கள் கொடுக்கும் கூடுதல் வாடகை குடும்பச் செலவைப் பிடிக்கும். வீடு பார்க்கப் போகும்போது ஒரு வேலைநாள் காலையில், அலுவலகம் போகும் நேரத்தில் அந்த வழியாகப் போய்ப் பாருங்கள். எல்லா ஊ6 வண்டிகளும் கார்ஹிங் வரை போகாது, சில ஃப்ரோட்மானிங்கிலேயே நின்றுவிடும். ஃப்ரோட்மானிங்கில்தான் அலியான்ஸ் அரீனா கால்பந்து மைதானம். ஆட்டம் இருக்கும் மாலையில் அந்த வண்டியில் மூச்சுவிட இடம் இருக்காது, குழந்தையோடு அந்த நேரத்தைத் தவிர்த்துவிடலாம்.

நகர எல்லைக்குள் வீடு எடுத்தால் விசா, குடியிருப்பு அட்டை வேலைகள் மியூனிக் நகர அலுவலகத்தில். கார்ஹிங்கோ உன்டர்ஷ்லைஸ்ஹைமோ என்றால் மியூனிக் மாவட்ட அலுவலகம், அது வேறு. குடியிருப்பு அட்டைக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கும்போது எல்லை தாண்டி வீடு மாறினால் கோப்பும் அலுவலகம் மாறும், தாமதமாகும். முடிந்தால் அட்டை கைக்கு வந்தபின் மாறுங்கள். மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்தில் அரசு ஆரம்பப் பள்ளி வீட்டு முகவரியை வைத்துத்தான் ஒதுக்கப்படும் என்பதையும், மழலையர் பள்ளியில் இடம் கிடைக்க நாளாகும் என்பதையும் மனைவியோடு பேசி ஏரியாவை முடிவு செய்யுங்கள்.

போக்குவரத்துச் செலவு எளிமையானது. டாய்ச்லாண்ட் டிக்கெட் என்ற மாதச் சந்தா 2023 மே மாதம் 49 யூரோவுக்கு வந்தது, 2025இல் 58, 2026 ஜனவரியிலிருந்து 63. நாடு முழுக்க நகரப் பேருந்து, டிராம், ஊ-பான், எஸ்-பான், வட்டார ரயில் எல்லாவற்றிலும் செல்லும். ஐசிஇ, ஐசி போன்ற விரைவு ரயில்களில் செல்லாது. மாதாமாதம் நிறுத்தலாம், ஆனால் அந்த மாதம் 10ஆம் தேதிக்குள் சொல்லிவிட வேண்டும். முதலில் மனிதவளப் பிரிவிடம் கேளுங்கள். கம்பெனி கால் பங்காவது ஏற்றால் மேலும் 5 சதவீதத் தள்ளுபடி உண்டு, சில கம்பெனிகள் முழுவதையும் ஏற்கும். மகளுக்கு ஆறு வயது ஆகும்வரை டிக்கெட் தேவையில்லை. ரயில் நிலையத்தில் தடுப்புக் கதவு கிடையாது, யாரும் கேட்க மாட்டார்கள் என்று தோன்றும். சாதாரண உடையில் பரிசோதகர் ஏறுவார், டிக்கெட் இல்லையென்றால் 60 யூரோ. காகித டிக்கெட் வாங்கினால் ஏறும் முன் முத்திரை போட வேண்டும், முத்திரை இல்லாத டிக்கெட்டும் இல்லாத டிக்கெட்டும் அவருக்கு ஒன்றுதான்.

மியூனிக்கின் வடபகுதி சமதரையாக இருப்பதால் சைக்கிளுக்கு மிகவும் ஏற்றது. பழைய சைக்கிள் ஒன்று வாங்குங்கள், முன்னும் பின்னும் விளக்கு, நல்ல பூட்டு இரண்டையும் விட்டுவிடாதீர்கள். குழந்தை வந்தபின் பின்னால் இருக்கை மாட்டிக்கொண்டு கடைக்கும் பூங்காவுக்கும் போய்வரலாம். கடை என்றதும் ஒன்று: பவேரியாவில் கடைகள் இரவு 8 மணிக்கு மூடிவிடும், ஞாயிறு முழுக்க விடுமுறை. சனிக்கிழமை இரவு வந்து இறங்கினால் அரிசி, பால் எதுவும் கிடைக்காமல் திங்கள்வரை திண்டாட வேண்டி வரும். விமான நிலையத்திலும் முதன்மை ரயில் நிலையத்திலும் ஞாயிறும் கடை உண்டு.

கார் பற்றி. இந்திய உரிமத்தோடு இங்கே குடியேறிய நாளிலிருந்து ஆறு மாதம்தான் ஓட்டலாம், மொழிபெயர்ப்பும் கையில் இருக்க வேண்டும். அதன்பின் ஜெர்மன் உரிமம் வேண்டும். இந்தியா சலுகைப் பட்டியலில் இல்லாததால் எழுத்துத் தேர்வு, ஓட்டுத் தேர்வு இரண்டும் எழுத வேண்டும், கட்டாயப் பயிற்சி வகுப்புகள் மட்டும் இல்லை. எழுத்துத் தேர்வை ஆங்கிலத்தில் எழுதலாம். கண் பரிசோதனை, முதலுதவி வகுப்புச் சான்று தேவை. ஊரில் பல வருடம் ஓட்டியிருந்தாலும் இங்கே சில வகுப்புகள் எடுத்துக்கொள்ளுங்கள். பலகை இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கு வழிவிட வேண்டும் என்ற விதி ஒன்று போதும், பழகாதவர்கள் தேர்வில் தோற்பதற்கு. ஊர் உரிமம் காலாவதி ஆகும் நிலையில் இருந்தால் கிளம்புமுன் புதுப்பித்துவிடுங்கள். அதுவரை எப்போதாவது கார் தேவைப்பட்டால் பகிர்வுக் கார்கள் இருக்கின்றன. வாங்குவதை உரிமம் கிடைத்தபின் யோசிக்கலாம். நிறுத்துமிட வாடகை, காப்பீடு, குளிர்கால டயர் என்று செலவு அடுக்கடுக்காக வரும், ஊ6 ஓரத்தில் வீடு இருந்தால் அது அவசியமும் இல்லை.

நிரந்தர வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்முன் மூன்று இடங்களைப் பாருங்கள். இத்தனை வருடம் காலி செய்யக் கூடாது என்ற நிபந்தனை உண்டா? அது இருந்தால் வேலை மாறினாலும் மாட்டிக்கொள்வீர்கள். இல்லையென்றால் நீங்கள் மூன்று மாத அறிவிப்பில் காலி செய்யலாம், கையெழுத்திட்ட காகிதக் கடிதம் மாதத்தின் மூன்றாவது வேலைநாளுக்குள் வீட்டுக்காரருக்குப் போய்ச்சேர வேண்டும், மின்னஞ்சல் செல்லாது. வாடகை விலைவாசிக் குறியீட்டோடு கட்டப்பட்டிருக்கிறதா என்பது இரண்டாவது. மூன்றாவது, காலி செய்யும்போது வண்ணம் பூசும் பொறுப்பு யாருக்கு என்பது. புரியவில்லை என்றால் மியூனிக் குடியிருப்போர் சங்கத்தில் உறுப்பினராகிவிடுங்கள், ஆண்டுச் சந்தாவுக்குள் அவர்களின் வழக்கறிஞர்கள் படித்துச் சொல்வார்கள். வாடகை அநியாயமாகத் தெரிந்தாலும் அவர்களிடம் கேட்கலாம். மியூனிக்கில் வாடகை உச்சவரம்புச் சட்டம் உண்டு, அந்தப் பகுதியின் ஒப்பீட்டு வாடகையைவிட 10 சதவீதத்துக்கு மேல் புதிய ஒப்பந்தத்தில் கேட்கக் கூடாது. 2014 அக்டோபருக்குப் பின் முதன்முறை குடியேறிய கட்டடங்களுக்கு இது பொருந்தாது.

சாவி வாங்கும் நாளில் சுவர்க் கீறல், தரைக் கறை, மீட்டர் அளவு எல்லாவற்றையும் ஒப்படைப்புத் தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள், படமும் எடுங்கள். குளிர்காலத்தில் தினமும் இரண்டு மூன்று தடவை சன்னல்களை முழுக்கத் திறந்து ஐந்து பத்து நிமிடம் காற்று மாற விடுங்கள். சாம்பார் கொதிக்கும் வீட்டில் இது இன்னும் முக்கியம், ஈரம் சுவரில் படிந்து பூஞ்சை பிடித்தால் அட்வான்ஸில் கை வைப்பார்கள்.

தற்காலிக இடத்திலிருந்து மாறும்போது பழைய முகவரியில் தனியாக நீக்கச் சொல்ல வேண்டாம், புதிய இடத்தில் இரண்டு வாரத்துக்குள் பதிந்தால் போதும். தபால் நிறுவனத்தில் கடிதங்களைப் புதிய முகவரிக்குத் திருப்பிவிடும் சேவையைப் பணம் கட்டி வாங்கிவிடுங்கள். மருத்துவக் காப்பீடு, வங்கி, கம்பெனி, குடியிருப்பு அட்டை நான்கிலும் முகவரியை மாற்றுங்கள். மனைவியும் மகளும் வந்த பிறகு அவர்களையும் அதே வீட்டில் பதிய வேண்டும். திருமணச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் மூலப் பிரதிகளையும் ஜெர்மன் மொழிபெயர்ப்பையும் அவர்கள் கைப்பையிலேயே கொண்டுவரச் சொல்லுங்கள், சரக்கில் போட வேண்டாம்.